வளரும் நாடுகளின் மின்சார, எரிசக்திக் கணக்குகளை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட முடியுமா?

கேள்வி: ஆய்வுமேசை

அனைவருக்கும் வணக்கம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், கென்யா, எத்தியோப்பியா ஆகிய ஆறு நாடுகளின் எரிசக்திப் பயன்பாட்டை 2000-ஆம் ஆண்டு முதல் ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் இயல் முழுவதும் அந்த அட்டவணையை நம்பித்தான் நிற்கிறது. ஐந்து மாதங்களாக இதே வேலையில் இருந்தும், முதல் வரியையே இன்னும் உறுதியாக எழுத முடியவில்லை.

அந்த முதல் வரி இந்தியாவின் தனிநபர் மின்நுகர்வு. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2023-24-இல் அது 1,395 யூனிட். சர்வதேசத் தொகுப்புகளிலோ அதே காலத்தை ஒட்டிய ஆண்டுகளுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது. ஏறத்தாழ கால் பங்கு வேறுபடும் இரண்டு எண்களுக்கும் தலைப்பு ஒன்றே.

அடுத்தது விறகு. சில நாடுகளுக்கு இந்தப் பத்தி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. அதை மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தேன்; பல ஆண்டுகளுக்கு ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வந்தது. அப்படியானால் அந்த ஆண்டுகளில் யாரும் எதையும் அளக்கவில்லை என்றுதானே பொருள்?

மூன்றாவதாக, கென்யாவையும் எத்தியோப்பியாவையும் அடுத்தடுத்து வைத்தால், ஓர் அலகு மின்சாரத்துக்குக் கென்யா செலவிடும் முதன்மை எரிசக்தி (மின்சாரமாக மாற்றுவதற்கு முன் மூலத்தில் இருந்த ஆற்றல்) பல மடங்கு அதிகமாகத் தெரிகிறது. இது உண்மையான வேறுபாடா, கணக்கு முறையால் வந்ததா என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லா எண்களையும் ஒரே சர்வதேச மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டால் அவை தாமாகவே ஒப்பிடத்தக்கவை ஆகிவிடும் என்பது என் நெறியாளரின் கருத்து. நான் அவரை மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த விறகுப் பத்தியைப் பார்த்த பிறகு அந்தக் கருத்தை முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மீட்டர்வாசிப்பு

மின்பகிர்மானத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் முதல் வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை அறிந்தவர்கள் இங்கு இருக்கிறார்கள்.

மத்திய மின்சார ஆணையம் தரும் 1,395 என்பது மொத்த உற்பத்தியோடு நிகர இறக்குமதியைக் கூட்டி, ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து வரும் எண். தலைப்பில் நுகர்வு என்று இருந்தாலும், அது நாட்டில் கிடைத்த மின்சாரத்தின் அளவே அன்றி வீட்டுக்கும் ஆலைக்கும் போய்ச் சேர்ந்த மின்சாரத்தின் அளவு அன்று. ஒரு நிலக்கரி அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் முனையில் 100 யூனிட் உற்பத்தியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரவை இயந்திரம், நீரேற்றும் பம்பு, காற்றூதி என்று நிலையமே சுமார் 7 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். வெளியே வரும் 93 யூனிட்டில் 16 விழுக்காடு வழியில் போய்விடுகிறது என்று கொண்டால், கடைசி மீட்டரில் பதிவாவது 78 யூனிட்தான். ஜெனரேட்டர் முனை, நிலையத்தின் வெளிவாயில், நுகர்வோர் மீட்டர் ஆகிய மூன்று இடங்களில் எங்கே நின்று அளந்தாலும் அதை மின்சாரம் என்றுதான் எழுதுகிறார்கள். உங்கள் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இந்த வழித்தூரம்தான். நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நேபாளத்திலும் எத்தியோப்பியாவிலும் நிலையத்தின் சொந்தச் செலவு மிகக் குறைவு என்பதால், மொத்த உற்பத்தியை வைத்து ஒப்பிடும்போது இந்தியா இயல்பாகவே சற்று உயர்ந்து தெரியும்.

ஆனால் அந்த 78-உம் முழுக்க அளந்த எண் அன்று. இதை நான் நேரில் பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல மாநிலங்களில் வேளாண் இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. இத்தகைய இணைப்புகளின் நுகர்வை அறிய, தேர்ந்தெடுத்த சில மின்மாற்றிகளில் மீட்டர் பொருத்தி, ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை யூனிட் என்று கண்டு, அதைப் பதிவேட்டில் உள்ள மொத்தக் குதிரைத்திறனால் பெருக்குகிறார்கள். பதிவேட்டில் 5 எச்.பி. என்று இருக்கும் ஒரு மோட்டாரில் நான் டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்தபோது, ஏழரை ஆம்பியரை ஒட்டி நிற்க வேண்டிய முள் பதினொன்றில் நின்றது. பலமுறை காயில் கட்டிய மோட்டார் அது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள் மட்டுமே மிச்சம். நிலத்தடி நீர் இறங்க இறங்க, அந்த விவசாயி பெரிய மோட்டாருக்கு மாறியிருந்தார். அவர்மீது நான் குறை சொல்ல மாட்டேன்; தண்ணீர் ஆழத்துக்குப் போனால் அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் பதிவேட்டில் இன்றும் அது 5 எச்.பி.தான்.

இதன் அளவு எவ்வளவு என்று பாருங்கள். 5 எச்.பி. என்பது 3.73 கிலோவாட். 20 லட்சம் பம்புகள் ஆண்டில் ஓடிய நேரத்தை நூறு மணி கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்டுவிட்டால், வேறுபாடு 74.6 கோடி யூனிட். மீட்டர் இல்லாத இந்த நுகர்வை எவ்வளவு என்று எழுதுகிறோமோ, அதைப் பொறுத்தே இழப்பின் அளவும் அமைகிறது. வாங்கிய மின்சாரத்தில் விற்றதையும் வேளாண் மதிப்பீட்டையும் கழித்து எஞ்சுவதைத்தான் இழப்பு என்கிறோம். விவசாயத்துக்கு ஒரு யூனிட் கூட்டி எழுதினால் இழப்பில் ஒரு யூனிட் குறைந்துவிடும். எனவே இந்தியாவின் இழப்பு விழுக்காட்டையும், ஏறத்தாழ எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் உள்ள இலங்கையின் இழப்பு விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, ஒன்று பெருமளவு மீட்டரில் படித்த எண், மற்றொன்றில் கணிசமான பகுதி மதிப்பிட்ட எண் என்பதை அதே பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

உங்கள் நெறியாளரின் கருத்துக்கு என் மறுமொழியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஐ.நா. புள்ளியியல் பிரிவு ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரே கேள்வித்தாளை அனுப்புகிறது. வரையறைகளை ஒருமுகப்படுத்த 2011-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற சர்வதேசப் பரிந்துரைகளும் உள்ளன. மிகத் தேவையான பணி அது. இருந்தாலும் ஒரே படிவத்தில் நிரப்பப்பட்டதால் மட்டும், டாங் டெஸ்டர் காட்டியதும் பதிவேடு காட்டியதும் ஒன்றாகிவிடாது.

மறுமொழி 2: விறகுக்கட்டு

உங்கள் ஐயம் சரியானதே. மக்கள்தொகையோடு ஒட்டி ஏறும் விறகு எண், எப்போதோ ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் கண்ட தனிநபர் அளவை ஆண்டுதோறும் மக்கள்தொகையால் பெருக்கி வந்தது. எத்தியோப்பியாவில் அந்த மக்கள்தொகையும் 2007 கணக்கெடுப்பிலிருந்து முன்னோக்கி நீட்டிய மதிப்பீடுதான். அதன் பின் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. நாட்டின் எரிசக்தியில் மிகப் பெரும்பகுதி விறகு, சாணம் போன்ற உயிர்மப் பொருள்களிலிருந்து வரும் ஒரு நாட்டில், மிகப் பெரிய எண்ணே ஒரு மதிப்பீட்டை இன்னொரு மதிப்பீட்டால் பெருக்கி வந்த எண்ணாக இருக்கிறது.

அளப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஜவ்வாது மலைப் பகுதியில் வீட்டு எரிபொருள் கணக்கெடுப்பு ஒன்றில் நான் சில மாதங்கள் வேலை செய்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு ஆகும் என்று கேட்டால், ஒரு கட்டு இரண்டு நாளைக்கு வரும் என்பார்கள். கட்டு என்பது எடை அன்று. தலையில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. ஆகவே வாயால் கேட்பதை விட்டுவிட்டு, மாலையில் ஒரு குவியலைத் தொங்கு தராசில் நிறுத்து, அதிலிருந்து மட்டும் எடுத்து எரிக்கும்படி வேண்டிக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை நிறுப்போம். ஒரு வீட்டில் மழைக்கு மறுநாள் 22 கிலோ இருந்த கட்டு, திண்ணைக் கூரையின் கீழ் மூன்று வாரம் காய்ந்தபின் 15 கிலோதான் இருந்தது. அந்த அம்மா எங்களிடம், "ஈர விறகு எடைக்குத்தான் கனக்கும், அடுப்புக்கு ஆகாது" என்றார். காற்றில் உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் தரும்; பச்சை விறகில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். எந்த ஈரத்தில் நிறுத்தார்கள் என்று சொல்லாத விறகுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கரியையும் மறந்துவிடாதீர்கள். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் நகரத்து அடுப்புகளில் கரி எரிகிறது. மண்ணால் மூடிய பழைய வகைச் சூளையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்து முதல் எட்டு கிலோ வரை மரம் போகலாம். நகரத்தில் எரிந்த கரியை மட்டும் எழுதிவிட்டு, காட்டில் எரிந்துபோன மரத்தை, மரம் கரியாக மாறியதில் ஏற்பட்ட இழப்பாக எழுதாவிட்டால், எரிசக்தி வரவையும் செலவையும் ஈடுகட்டிக் காட்டும் சமநிலை அட்டவணை கோணும்.

இன்னொன்றையும் உங்கள் இயலில் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று கல் அடுப்பு விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காட்டைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. எரிவாயு அடுப்பு பாதிக்கு மேல் கொடுக்கிறது. ஆகவே ஒரு குடும்பம் விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறினால், அதே சோறும் குழம்பும் வெந்தாலும் எரிசக்திப் பயன்பாடு சரிந்ததுபோல் அட்டவணை காட்டும். நாடு முழுவதும் இது நடக்கும்போது, எரிசக்திச் செறிவு, அதாவது ஒரு ரூபாய் உற்பத்தி மதிப்புக்குச் செலவாகும் எரிசக்தி, மேம்பட்டுவிட்டதாக அறிக்கைகள் சொல்லும். ஆலைகளில் எந்தத் திறனும் கூடாமலேயே அந்த மேம்பாடு வந்திருக்கலாம். இந்தியாவில் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் 2016-இல் தொடங்கிய பின்னும் பல வீடுகளில் சிலிண்டர் ஓரமாக இருக்க, வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகே எரிவதை நான் கண்டிருக்கிறேன். இணைப்பு எண்ணிக்கையை வைத்து விறகைக் கழித்துவிடாதீர்கள்.

மறுமொழி 3: டெராஜூல்

கென்யா பற்றிய கேள்விக்கு விடை புவிவெப்பம். ஒல்காரியா என்னும் புவிவெப்பப் புலத்தின் புண்ணியத்தில் கென்யாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலத்தடி நீராவியிலிருந்து வருகிறது. எத்தியோப்பியாவில் அது அணைகளிலிருந்து வருகிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் முறையில் நீர்மின்சாரம், காற்று, சூரிய மின்பலகை ஆகியவற்றுக்கு மின்சாரமே முதன்மை வடிவம். எனவே ஒரு கிகாவாட்-மணிக்கு (பத்து லட்சம் யூனிட்) 3.6 டெராஜூல் என்று எழுதுவார்கள். புவிவெப்பத்துக்கு நீராவியின் வெப்பமே முதன்மை வடிவம். நாடு தனியாகத் திறன் விவரம் தராதபோது 10 விழுக்காடு என்று கொள்வதால், அதே ஒரு கிகாவாட்-மணி 36 டெராஜூல் ஆகிவிடும். அணுமின்சாரத்துக்கு 33 விழுக்காடு. நீங்கள் கண்ட பல மடங்கு வேறுபாடு இந்த மரபின் விளைவு. கென்யாவில் யாரும் எதையும் வீணாக்கவில்லை. இறுதி நுகர்வை, அதாவது பயனாளரைச் சென்றடைந்த எரிசக்தியை, ஒப்பிட்டால் இது மறைந்துவிடும்.

முன்பு பி.பி. நிறுவனமும் 2023 முதல் எனர்ஜி இன்ஸ்டிட்யூட்டும் வெளியிட்டுவரும் புள்ளிவிவரத் தொகுப்பில் நெடுங்காலம் இருந்த முறை வேறு. அதே மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் உற்பத்தி செய்ய எவ்வளவு எரிபொருள் தேவைப்படுமோ, அதை நீர்மின்சாரத்துக்கும் எழுதினார்கள். மேலும் அது சந்தையில் விற்கப்படும் எரிபொருள்களின் கணக்கு; பொறுக்கிய விறகு அதில் வராது. இந்த இரண்டு தொகுப்புகளிலிருந்தும் எண்களைக் கலந்து ஒரே பத்தியில் போடக் கூடாது.

நிலக்கரியை டன்னில் ஒப்பிடாதீர்கள். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரி கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்றால் டன்னுக்கு 16.7 கிகாஜூல், 6,000 உள்ள இறக்குமதி நிலக்கரியில் அது 25.1. இந்தியா 2012 ஜனவரி முதல் நிலக்கரியின் தரத்தை மொத்த வெப்ப மதிப்பின் அடிப்படையில் வகைப்படுத்துகிறது. சர்வதேசத் தொகுப்புகள், எரியும்போது நீராவியோடு போய்விடும் வெப்பத்தைக் கழித்த நிகர வெப்ப மதிப்பைப் பயன்படுத்துகின்றன. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இதனால் சுமார் 5 விழுக்காடும், இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் 10 விழுக்காடும் வேறுபடும்.

ஆண்டுக் கணக்கு: இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, வங்கதேசத்துக்கு ஜூலை முதல் ஜூன் வரை, இலங்கைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குவதால் ஒரே மழைக்காலம் இரண்டு ஆண்டுகளில் பிரிந்து விழுகிறது. நீர்மின் நாட்டுக்கு இது சிறு செய்தி அன்று. எத்தியோப்பிய நிதியாண்டு 2012 என்று கண்டால் அது 2019 ஜூலை முதல் 2020 ஜூலை வரை. ஒருமுறை நான் அதைக் கவனியாமல் ஏழு ஆண்டு தள்ளி எழுதி, பிறகு முழு வரிசையையும் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு நிதியாண்டுகளின் சராசரியை எடுத்து நாட்காட்டி ஆண்டாக்குவது எளிது. ஆனால் மாதக் கணக்கு கிடைக்கும் இடத்தில் அதைத்தான் கூட்ட வேண்டும். இந்திய மின்னுற்பத்திக்கு மாதக் கணக்கு கிடைக்கிறது.

மறுமொழி 4: மகாவலி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மின்வசதி பெற்றோர் விழுக்காட்டையும் நீங்கள் அட்டவணையில் சேர்ப்பீர்கள் என்று எண்ணுவதால் ஒரு சொல். இந்தியாவில் 2004 வரையறைப்படி, பொது இடங்களுக்கும் பத்து விழுக்காடு வீடுகளுக்கும் இணைப்பு கிடைத்தால் அந்தக் கிராமம் மின்மயமானது. 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு எல்லாக் கிராமங்களும் மின்மயமாயின என்று அறிவித்தது இந்த வரையறையின்படியே. உலக வங்கி தொகுக்கும் மின்வசதிக் குறியீடோ வீட்டுக் கணக்கெடுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. கிராமத்தை எண்ணுவதும் வீட்டை எண்ணுவதும் வேறு வேறு.

வங்கதேசத்தில் இட்கால் நிறுவனத்தின் திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கூரையில் சிறு சூரியப் பலகை பெற்றன. அந்த வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. ஆனால் அந்த மின்சாரம் எந்தப் பகிர்மான மீட்டரிலும் பதிவாகவில்லை. ஆகவே மின்வசதிப் பத்தியில் அவர்களைச் சேர்த்துவிட்டு, நுகர்வுப் பத்தியில் விட்டுவிட்டால் சராசரி பிழையாகும். 2015-இல் உலக வங்கி சார்ந்தோர் முன்வைத்த பல்நிலைச் சட்டகம் இதற்கு உதவும். நாளுக்குக் குறைந்தது 4 மணி நேரம் என்ற முதல் நிலையிலிருந்து 23 மணி நேரம் என்ற ஐந்தாம் நிலை வரை அது பிரித்துப் பார்க்கிறது.

நேபாளத்துக்கு நிகர இறக்குமதியை மட்டும் எழுதாதீர்கள். மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்று, வறண்ட மாதங்களில் இந்தியாவிலிருந்து வாங்குகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால்தான் குளிர்காலத்தில் அந்நாடு படும் பாடு தெரியும்.

ஆய்வுமேசை

மறுமொழி தந்த நால்வருக்கும் நன்றி. நேற்றிரவு முழுவதும் இவற்றை வைத்து அட்டவணையை மறுபடி கட்டினேன். தனிநபர் மின்நுகர்வுக்கு நுகர்வோரைச் சென்றடைந்த அளவை மட்டும் எடுக்கப்போகிறேன். 1,395-ஐ கிடைத்த மின்சாரம் என்ற வேறொரு பத்தியில் வைக்கிறேன். முதன்மை எரிசக்தியை இரண்டு முறைகளிலும் கணக்கிட்டு, கென்யாவுக்கு இரண்டு எண்களையும் காட்டுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: அளந்ததற்கு அ, மாதிரியிலிருந்து பெருக்கியதற்கு மா, பழைய கெழுவை (ஒருமுறை கண்ட தனிநபர் அளவை) கொண்டு நீட்டியதற்கு நீ. எத்தியோப்பியாவின் விறகு வரிசை முழுவதும் நீ என்றே வந்தது. அதைப் பார்த்தபோது மனம் கனத்தது. ஆனாலும் அப்படியே விடுகிறேன். அதை நெறியாளரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த எழுத்துகளை அடிக்குறிப்பில் தள்ளாமல் அட்டவணைக்குள்ளேயே வை என்றார்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. இந்திய வேளாண் மின்சாரத்துக்கு ஒற்றை எண்ணை எழுதுவதா, கீழெல்லை மேலெல்லை என்று இரண்டு எண்களை எழுதுவதா?

மறுமொழி 5: மீட்டர்வாசிப்பு

இரண்டு எண்களை எழுதுங்கள். அவற்றைச் சும்மா ஒரு விழுக்காடு கூட்டிக் கழித்து உருவாக்க வேண்டாம். சில மாநிலங்களில் வேளாண் ஃபீடர்களை (துணைமின் நிலையத்திலிருந்து பம்புகளுக்குச் செல்லும் மின்பாதைகள்) தனியாகப் பிரித்திருக்கிறார்கள்; அங்கே துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரின் மீட்டர் அளவு கிடைக்கும். அதிலிருந்து அந்த ஃபீடரின் கம்பி இழப்பைக் கழித்தால் பம்புகள் எடுத்தது தெரியும். அதை அதே பகுதியின் குதிரைத்திறன் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், இடைவெளி எந்தப் பக்கம், எவ்வளவு என்று உங்களுக்கே விளங்கும். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களின் கட்டண ஆணைகளில் நிறுவனம் கோரிய வேளாண் நுகர்வும் ஆணையம் ஏற்ற வேளாண் நுகர்வும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். பெரும்பாலும் ஆணையம் ஏற்றது குறைவாக இருக்கும். அந்த இரண்டையும் முதலில் எடுத்து வையுங்கள். எல்லைகள் அங்கிருந்தே தொடங்கும்.